மாப்பிள்ளைக் காரின் இலக்கம்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்ததும், வழமைபோல வளவின் கிழக்கு மூலையில் நட்டிருக்கும் மழைமானியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஓர் எறும்பு நடந்துகொண்டிருந்தது. அதைப் புல்லில் விட்டுவிட்டு டயறியில் ‘மழை இல்லை’ என்று எழுதினேன். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்கிறவன். கந்தோரில் மழையை எழுதுவது தொழில், வீட்டிலும் எழுதுவது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்பது என் மனைவியின் கருத்து. பிறகு தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்பமும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டு ஒரு பிளேன்டி குடித்தேன். பிறகு வீட்டிலிருந்த கதிரைகளையெல்லாம் துடைத்து, முற்றத்தில் நிழல் விழும் பக்கமாக வரிசையாகப் போட்டேன்.

கதிரை போட்டது மட்டும் வழமையில் இல்லாதது. அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒன்பது மாப்பிள்ளைகள் வருவதாக இருந்தது. ஒருவர்கூட ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் இல்லை.

காரணம் கொட்டிலுக்குள் நின்றது. அது ஒரு மொரிஸ் மைனர். சாம்பல் கலந்த நீலம். கல்முனைப் பக்கத்தில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் ‘மாப்பிள்ளைக் கார்’ என்று சொல்வார்கள். அது என் மனைவியின் வாப்பாவுடையது, எனக்கு மாமா. அவர் அரிசி ஆலை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் இந்த ஒழுங்கையில் வேறு கார் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் அங்கேயே குடியிருக்கிறான். ஆகவே கலியாணத்தில் பெரிய பயணம் மாப்பிள்ளையுடையதுதான். அந்தப் பயணத்துக்கு யார் வந்து கேட்டாலும் மாமா காரை எடுப்பார். சாரதி வைக்க மாட்டார், தானே ஓட்டுவார். வாடகை வாங்க மாட்டார். மாப்பிள்ளை பின் ஆசனத்தில் நடுங்கிக்கொண்டு இருப்பார், மாமா கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓட்டுவார். எனக்குத் தெரியும். இருபத்தேழு வருடங்களுக்கு முன்னர் பாலமுனையிலிருந்து நானும் அப்படித்தான் வந்து இந்த வாசலில் இறங்கினேன். அன்றிலிருந்து இந்த வீடுதான்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமையில் கலியாணம் என்று வைத்திருந்தோம். சாப்பாடு, பந்தல், உடுப்பு எதிலும் மனைவி பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒன்றில் மட்டும் பிடித்தாள். மாப்பிள்ளை அவளுடைய வாப்பாவின் காரில் வர வேண்டும்.

“மத்ததெல்லாம் நீங்க விரும்பின மாதிரி செய்யிங்க. வாப்பாட கார் வாசலுக்கு வராட்டி எனக்கு அது கலியாணம் மாதிரி இரிக்காது” என்றாள்.

அவளுக்கு மற்றவர்களைப்போலக் கேட்டுக் கேட்டுச் சண்டை பிடிக்கிற பழக்கம் இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

கார் ஓடும். அதில் குறையில்லை. ஆனால் அது யாருடையது என்று சொல்வதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பதிவுப் புத்தகம், லைசன், இன்சூரன்ஸ் எல்லாம் முன்னறை மேசையில் இருந்தவை. சுனாமியன்று முன்னறையே இல்லாமல் போனது. பின்னறையும் குசினியும் நின்றன. கார் தப்பியது அது அப்போது வீட்டில் இல்லாததால். பெயின்ற் அடிப்பதற்காக மாமா அதைச் சவளக்கடையில் ஒரு கராஜில் விட்டிருந்தார். அடுத்த வருடம் மாமா மௌத்தானார். அவரை அடக்கம் செய்த பிறகு யாருக்கும் காரை எடுத்து வருகிற மனம் வரவில்லை. கராஜ்காரர் அதை நெல் மூட்டைகளோடு தன் களஞ்சியத்துக்குள் தள்ளி வைத்துவிட்டார். மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்த பிறகுதான் போய்ப் பார்த்தோம். பின் ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரைக்கும் காரைத் தர முடியாது என்று கராஜ்காரரின் மனைவி சொல்லிவிட்டார். பொரித்த பிறகு எடுத்து வந்தோம்.

பெயின்ற் அடிப்பதற்காகக் கழற்றிய இலக்கத்தகடுகள் இரண்டும் கிடைக்கவில்லை. ஒன்று கோழிக்கூட்டின் ஓட்டையை அடைக்கப் போயிருந்தது. மழை அதன் எழுத்தை முழுதாகத் தின்றிருந்தது. மற்றது எங்கே போனதென்று கராஜ்காரருக்கே தெரியாது. பொனற்றுக்குக் கீழே செசி இலக்கம் அடித்த சின்னத் தகட்டிலும் துரு ஏறி, கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன.

நான் அம்பாறைக்குப் போனேன். வாகனப் பதிவு பார்க்கும் கந்தோரில், கருமபீடத்துக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெண் அதிகாரி இருந்தார். தமிழைச் சொல் சொல்லாக, தவறாமல் கதைத்தார். சத்தியக் கடதாசி முடிக்கலாம், பொலிசில் முறைப்பாடு எழுதலாம், பரிசோதகர் வந்து காரைப் பார்க்கலாம், வாரிசுகள் கையெழுத்து வைக்கலாம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்று விளக்கினார். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் இலக்கம் வேண்டும். இலக்கம் இல்லாவிட்டால் காரின் பதிவுக் கோவையைத் தேடுவதற்கு வழியில்லை. கந்தோரின் தொலைபேசி இலக்கத்தைத் தந்து, கார் இலக்கம் கிடைத்தால் அங்கிருந்தே கேட்கலாம், இவ்வளவு தூரம் வெயிலில் வர வேண்டாம் என்றார்.

மாமாவின் காரின் இலக்கம் தெரியாத ஆள் கல்முனையில் இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் கேட்டேன். உடனே சொன்னாள். அவளுடைய தம்பி, என் மச்சான், பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார். அவரும் உடனே சொன்னார். இரண்டு பேரும் சொன்னவற்றில் முதல் எழுத்து மட்டும் ஒன்றாக இருந்தது.

“ராத்தா, கடைசி ஒண்டு” என்றார் மச்சான்.

“ஏழுடா. நான் அந்தக் காரக் கழுவினவள்.”

“நீ கழுவின. நான்தானே பின்னுக்கு இரிந்து தள்ளின. தள்ளுறவனுக்குத்தான் நம்பர் கிட்டத் தெரியும்.”

நடு இலக்கங்களிலும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் என் டயறிகளைப் புரட்டினேன். சுனாமிக்குப் பிறகு எழுதியவை மட்டும்தான் இருக்கின்றன. அவற்றில் அந்தக் காரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன்: களஞ்சியத்தில் பார்த்த நாள், டயர் எந்தப் பக்கம் காற்றிறங்கியிருந்தது, கோழியின் நிறம். இலக்கம் எங்கும் இல்லை.

மாப்பிள்ளைமாரைக் கூட்டும் யோசனை மச்சானுடையது. அவர் கடை வைத்திருக்கிறவர், ஆட்களைச் சேர்ப்பது அவருக்குச் சுலபம். “மச்சான், வாப்பாட கார்ல ஏறிப் போன மாப்பிள்ளமார் இன்னும் ஊருக்குள்ளதான் இரிக்காங்க. எல்லார்ட அல்பத்துலயும் கார் இரிக்கி. கார் இரிந்தா நம்பரும் இரிக்கும்தானே” என்றார். அவருடைய கைத்தொலைபேசிக் குழுவில் ஓர் அறிவித்தல் போட்டார். மாப்பிள்ளைக் காரில் கலியாணம் முடித்தவர்கள் தயவுசெய்து அல்பத்தோடு செவ்வாய்க்கிழமை லுஹருக்குப் பின் வரவும். சாப்பாடு உண்டு. அந்தக் கடைசிச் சொற்களால்தான் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள் என்பது என் எண்ணம்.

மீன் வியாபாரி முதலில் வந்தார். அல்பத்தைத் துவாயில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால், வயல் வைத்திருக்கும் போடியார்மார் இரண்டு பேர், பெரியவரும் சின்னவரும். பிறகு ஓய்வுபெற்ற பாடசாலைக் கணக்கு ஆசிரியர். தபால் கந்தோரில் இருந்த கத்தோலிக்க நண்பர் ஒருவரும் வந்தார். மாமா அவரைக் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கதிரையில் இருந்ததுமே எல்லோரும் இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். கேட்காமலே சொன்னார்கள். ஒன்பது பேரும் ஒன்பது இலக்கம். கணக்கு ஆசிரியர் தன்னுடையதை இரண்டு முறை திருத்தினார்.

“இப்ப அல்பத்தத் திறங்க” என்றார் மச்சான், வெற்றி கிடைத்துவிட்ட குரலில்.

மீன் வியாபாரி முதலில் திறந்தார். கார் இருந்தது. பொனற் பளபளத்தது. முன் பம்பருக்கு மேல், இலக்கத்தகடு இருக்க வேண்டிய இடத்தில், நந்தியாவட்டைப் பூவால் பின்னிய ஒரு தட்டி. அதன் நடுவில் தங்கக் கடதாசியில் வெட்டிய இரண்டு பெயர்கள்.

“பின்பக்கம் எடுத்த படம் இரிக்கி” என்று பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கமும் பூ.

இரண்டாவது அல்பம். ரோசாப்பூ. மூன்றாவதில் இதய வடிவத்தில் வெட்டிய சிவப்புத் தெர்மகோல், தகட்டை விடப் பெரியது. நான்காவதில் பூ இல்லை. எல்லோரும் எழும்பி எட்டிப் பார்த்தோம். தகட்டுக்கு நேராக இரண்டு சிறுமிகள் பூச்செண்டோடு நின்றார்கள். தபால் நண்பர் தன்னுடையது கோயில் கலியாணம், எங்களுடைய மாதிரிப் பூத் தட்டியெல்லாம் வைக்கவில்லை என்று நம்பிக்கையாகத் திறந்தார். வெள்ளைப் பட்டு நாடாவில் ஒரு பெரிய முடிச்சு, மிகச் சரியாக இலக்கத்தின் மேல்.

ஆறாவது அல்பத்தைத் திறக்கும்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கலியாணக் காரை அலங்கரிக்கும்போது அழகைக் கெடுக்கிற ஒரே சாமான் இலக்கத்தகடு என்பதும், அதைத்தான் முதலில் மூடுவோம் என்பதும், அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் தம்பிமாருக்கும் மகன்மாருக்கும் தம் கையாலேயே கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்திருக்கிறோம். யோசனை சொன்ன மச்சான், காரின் பக்கம் திரும்பி நின்று, இல்லாத தகட்டின் இரண்டு துளைகளையும் பார்த்தார்.

பெரிய போடியார்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தால் கதிரை சிரிக்கும். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மீன் வியாபாரிக்குச் சிரிப்பில் புரைக்கேறி, அவருடைய முதுகில் தட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. இலக்கத்தைத் தேடுவது அதோடு நின்றது, அல்பம் பார்ப்பது தொடங்கியது. ஒருவருடைய அல்பம் மற்றவருடைய மடிக்குப் போனது. அந்த மெல்லிய இளைஞன் யார் என்று கேட்டால் எதிரே இருக்கிற தொந்தி கையை உயர்த்தியது. கணக்கு ஆசிரியரின் தலையில் அப்போது இருந்த முடியைப் பார்த்து, அது தொப்பியா என்று சின்னப் போடியார் கேட்டார். எல்லாப் படத்திலும் சாரதி ஆசனத்தில் மாமா இருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரே சிரிப்பு. மாப்பிள்ளைகள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள்.

“ஒங்கட அல்பம் எங்க?” என்று என்னிடம் மீன் வியாபாரி கேட்டார்.

கடலோடு போய்விட்டது என்றேன். முன்னறையில் இருந்தது. எங்கள் கலியாணத்தின் ஒரு படம்கூட மிச்சமில்லை. இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் மனைவி குசினி வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். சாப்பாடு போட வேண்டும் போலிருக்கிறது என்று போனேன். அவள் இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“கோவிக்க மாட்டன் எண்டு சொல்லுங்க.”

“என்னத்துக்கு?”

“முதல்ல சொல்லுங்க.”

சொன்னேன். அவள் கையை முன்னால் கொண்டுவந்தாள். ஒரு படம். ஓரங்கள் மஞ்சளாகி, ஒரு மூலை மடிந்திருந்தது. பார்த்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது கிழித்துப் போட்டதாக நான் இருபத்தேழு வருடங்கள் நினைத்திருந்த படம்.

நடந்தது இதுதான். பாலமுனையிலிருந்து ஊர்வலம் வந்தபோது காரைதீவுச் சந்தியில் சோதனைச் சாவடியில் எங்களை மறித்தார்கள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளையையும் இறக்கித்தான் பார்ப்பார்கள். மாமா எதையோ காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த வேன்களில் பெண்கள் குரவை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு கறுப்பு ஆடு வந்தது. நேராகக் காரின் முன்னால் போய், பூத் தட்டியைத் தின்னத் தொடங்கியது. பூவைத் தின்றது, நாரைத் தின்றது, தங்கக் கடதாசியில் என் பெயர் இருந்த பாதியையும் தின்றது. மனைவியின் பெயரை விட்டுவைத்தது. நான் சால்வையை ஆட்டிக்கொண்டு கத்தியபடி ஓடினேன். என் தலைப்பாகை ஒரு காதுக்கு மேல் தொங்கியது. சோதனை செய்ய வந்த இரண்டு சிப்பாய்களும் துவக்கைத் தோளில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூடியோக்காரர் கடமை தவறாமல் அதையும் எடுத்துவிட்டார்.

அல்பம் வந்தபோது அந்த ஒரு படத்தை மட்டும் நான் எடுத்து, கிழித்துப்போடு என்று புது மனைவியிடம் கொடுத்தேன். எனக்கு ஒழுங்கு முக்கியம். அந்தப் படத்தில் ஒழுங்காக இருந்தது ஆடு மட்டும்தான்.

“நீங்க கிழிக்கச் சொன்னீங்க. நான் கிழிக்கல்ல” என்றாள் இப்போது.

“எங்க இரிந்திச்சி?”

“பின்னறை அலுமாரிட மேல் தட்டுல. கடதாசிக்குக் கீழ.”

கடல் எடுக்காத அறை. நான் ஒழுங்குபடுத்தி ஒட்டிவைத்த அல்பம் முழுவதும் போயிருக்கிறது. நான் ஒதுக்கிய படம் மட்டும் இருந்திருக்கிறது. இவ்வளவு காலமும் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

“முதல்ல ஒங்களுக்குப் பயம். மறுகா அது என்ட சாமானாப் பெயித்து” என்றாள். “ஒங்களோட கோவம் வந்தா கதவச் சாத்திட்டு எடுத்துப் பாப்பன். மறுகா கோவம் நிக்கிறல்ல.”

அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்ட எத்தனையோ பகல்கள் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் நான் என் தரப்பு நியாயத்தை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் வெளியே வந்து, சாப்பிட வாங்க என்பாள். என் பொறுமைதான் அவளை மாற்றுகிறது என்று எண்ணியிருந்தேன்.

பிறகுதான் நான் படத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்தேன். பூ இல்லை. தட்டி இல்லை. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்துகள்.

முற்றத்தில் அந்தப் படத்தைக் காட்டாமல் இலக்கத்தை மட்டும் வாசித்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். “வாப்பாட கார்” என்றாள். அவ்வளவுதான். நான் படத்தைக் கொண்டுபோய்ப் பெரிய போடியாரின் கையில் கொடுத்தேன்.

அதன் பிறகு முற்றத்தில் நடந்ததை முழுதாக எழுதத் தேவையில்லை. படம் ஒன்பது பேரையும் இரண்டு முறை சுற்றி வந்தது. தபால் நண்பர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தலைப்பாகையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்று சொன்னார். மீன் வியாபாரி நிறையச் சொன்னார். மகள் வந்து வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு நான் தலைப்பாகை கட்டியிருந்ததே தெரியாது. “வாப்பா, இது நீங்களா?” என்று கேட்டுவிட்டு, தன் கைத்தொலைபேசியில் அதைப் படமெடுத்து, இரண்டு விரலால் பெருப்பித்தாள். எழுத்து, முதல் இலக்கம், இரண்டாவது, மூன்றாவது எல்லாம் சுத்தமாகத் தெரிந்தன. கடைசி இலக்கத்தின் மேற்பாதிக்கு முன்னால் ஆட்டின் காது இருந்தது. காதுக்குக் கீழே ஒரு கால் மட்டும் தெரிந்தது.

“ஒண்டு” என்றார் மச்சான்.

“ஏழு” என்றாள் மனைவி.

இரண்டுக்கும் கால் உண்டு. நான் அம்பாறைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் கேட்க வேண்டும் என்று மகள் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். அதே அதிகாரிதான். என்னை ஞாபகம் வைத்திருந்தார். கோழி குஞ்சு பொரித்த கார்தானே என்று கேட்டார். இலக்கம் கிடைத்தது, ஆனால் கடைசியில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது என்றேன். என்ன சந்தேகம் என்றார். ஆட்டின் காது என்று நான் சொல்லவில்லை. மனைவி மூத்தவள் என்பதால் ஏழிலிருந்து தொடங்கினோம்.

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். “அது லொறி” என்றார்.

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்தது ஒன்று.

“அது ட்ரக்டர்.”

மச்சான் கதிரையில் இருந்துவிட்டார். “ஐயா, உங்களுக்குக் கார்தானே வேணும்?” என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். கணக்கு ஆசிரியர் மகளின் கைத்தொலைபேசியை வாங்கி, முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு விரலால் காற்றில் எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்பதுக்கும் கால் உண்டு என்றார்.

ஒன்பது என்றேன் தொலைபேசியில்.

தட்டும் சத்தம். பிறகு சத்தம் இல்லை. “கார் ஒண்டு இருக்குது” என்றார் மெதுவாக. “ஆனா பேர நான் சொல்ல ஏலாது. நீங்கதான் சொல்ல வேணும். சொந்தக்காரர் பேர் என்ன?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தொலைபேசிக்குக் கிட்ட வந்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வாப்பாவின் பெயரை வாயால் சொல்வதில்லை. கடிதத்தில் எழுதுவோம், கந்தோரில் கேட்டால் மெதுவாகச் சொல்வோம். அவள் ஒன்பது ஆம்பிளைகளுக்கு முன்னால், முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, தன் வாப்பாவின் பெயரை அவருடைய வாப்பாவின் பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னாள். பாடசாலையில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்கிற பிள்ளையின் குரல்.

“ஓம்” என்றது தொலைபேசி. “அவர்தான்.”

குரவை யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. குசினிப் பக்கமிருந்து வந்தது, சாப்பாட்டுக்கு உதவ வந்த அயல் பெண்களாக இருக்க வேண்டும். அதிகாரி பயந்து, என்ன சத்தம், யாருக்கும் ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டார். மகளுக்குக் கலியாணம் என்றேன். இன்றைக்கா என்றார். ஹஜ்ஜுக்குப் பிறகு என்றேன். அவருக்கு விளங்கியதா தெரியாது, ஆனாலும் வாழ்த்துச் சொன்னார். பிறகு மறக்காமல் மற்ற வேலைகளையும் ஒழுங்காகச் சொன்னார். சத்தியக் கடதாசி, முறைப்பாடு, பரிசோதனை, இரண்டு பிள்ளைகளும் வாரிசு என்பதால் இரண்டு பேரின் சம்மதம். எல்லாம் முடிக்கப் பெருநாள் வரைக்கும் நாள் போதும், நாளை புதன்கிழமையே வாருங்கள் என்றார்.

சம்மதம் என்றதும் மனைவி தம்பியைப் பார்த்தாள். அவர் இன்னும் ட்ரக்டரிலிருந்து இறங்கவில்லை. “என்ன பாக்கிறாய் ராத்தா? வீட்டோட நிக்கிறதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான்” என்றார். “எனக்குச் சாரதிச் சீட்டுத் தந்தாப் போதும். நான்தான் மாப்பிள்ளையக் கொண்டுவருவன். வாப்பா மாதிரிச் சிரிக்கவும் தெரியும்.” சொல்லிவிட்டுச் சிரித்தும் காட்டினார். பெரிய போடியார் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பு சரி, ஆனால் மாமா அவ்வளவு பல் காட்டுவதில்லை என்று திருத்தினார். உடனே ஒன்பது பேரும் மாமா எப்படிச் சிரிப்பார் என்று ஒருவருக்கொருவர் சிரித்துக் காட்டத் தொடங்கினார்கள். அதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பின்னேரம் கைகழுவிக்கொண்டு நிற்கும்போது மகள் வந்து, ஒரு விசயம் என்றாள். ஆட்டுப் படத்தை மருதமுனைக்கு அனுப்பிவிட்டாளாம். மாப்பிள்ளை பதில் போட்டிருந்தார். தான் வருகிற காருக்குப் பூ வேண்டாமாம், ஆட்டைக் கட்டினால் போதுமாம். மனைவி அதை வாசிக்கச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டாள். மருமகன் குடும்பத்துக்குப் பொருத்தமானவர் என்று அன்றிரவு டயறியில் எழுதினேன்.

மறுநாள், மே 15. சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் நான் முதலில் செய்தது மழைமானியைப் பார்ப்பது அல்ல. கொட்டிலுக்குப் போனேன். மச்சான் முதல்நாள் பின்னேரமே வெட்டிக் கறுப்படித்து வைத்த தகட்டைப் பொனற்றின் மேல் கடதாசி விரித்துக் கிடத்தினேன். அடிமட்டத்தால் கோடு போட்டு, வெள்ளைப் பெயின்றால் எழுத்தையும் இலக்கங்களையும் ஒவ்வொன்றாக எழுதினேன். கடைசி ஒன்பதின் தலைக்கு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை வைத்து வட்டம் எடுத்தேன். மனைவி வேலி ஓரத்தில், கையில் ஈர்க்கு விளக்குமாற்றோடு நின்றாள். பெயின்ற் காயும் வரைக்கும் அயல்வீட்டு ஆடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக.